இரண்டு பல்பு, இரண்டு ஸ்விட்ச்... எலெக்ட்ரீஷியன் எந்த ஒயரை வெட்டுகிறார்?

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. பின்னலாடைத் துறைக்கென்றே தொடங்கப்பட்ட நிஃப்ட்-டீ கல்லூரியும் அங்கேதான் இருக்கிறது. பனியன் கம்பெனிகள் இருக்கும் இடத்தில் லைன் வீடுகள் இல்லாமல் இருக்குமா? ஓட்டு வீடோ, ஷீட் போட்டதோ, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஆறோ எட்டோ வீடுகள் வரிசையாக நிற்கும். வீட்டுக்கு ஒரு அறை, ஓரமாகச் சமையல் தடுப்பு, நடுவில் ஒரு பல்பு.

ஒன்றரை ஷிஃப்ட் முடித்து இரவு எட்டரைக்குத் திரும்புகிறவர்களுக்கு அந்த ஒரு பல்பு போதாது. வாசலில் இருட்டு. செருப்பைக் கழற்றும் இடத்தில் தேளா, தண்ணீர்க் குடமா என்று தெரியாது. இப்படிப்பட்ட வீடுகளில் நடக்கும் பேச்சு எப்படி இருக்கும் என்று கொங்கு வட்டாரத்தில் வாடகைக்கு இருந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

“அக்கா, வாசல்ல ஒரு லைட்டு போட்டுக்கட்டுங்களா?”

“போட்டுக்க கண்ணு. உள்ள எரியற லைட்டுல இருந்தே இழுத்துக்க. தனியா எதுக்குச் செலவு பண்ற?”

அந்த ‘இழுத்துக்க’வில்தான் இந்த வாரச் சமாச்சாரம் இருக்கிறது. இரண்டாவது பல்பை எங்கிருந்து இழுக்கிறோம், அதற்கான ஸ்விட்சை எந்த ஒயரில் வைக்கிறோம் என்பது வெளிச்சம் பற்றிய கேள்வி மட்டுமல்ல. இரண்டு பல்பு, இரண்டு ஸ்விட்ச் என்பது எலெக்ட்ரீஷியன் படிப்பில் ஆரம்பத்திலேயே கற்றுத்தரும் பாடம். ஆனால், அதில் நடக்கும் ஒரு தவறு உயிரைக் கேட்கும்.

சீரியல் செட்டுக்கு ஏன் அந்தப் பெயர்?

முதலில் சின்னத் தவறு. ஏற்கெனவே எரியும் பல்புக்குப் போகும் இரண்டு ஒயர்களில் ஒன்றை வெட்டி, வெட்டிய இரு முனைகளுக்கு நடுவே புதுப் பல்பை மாட்டிவிடுவது. ஒயர் மிச்சமாகும், வேலையும் பத்து நிமிடத்தில் முடியும். ஆனால், ஸ்விட்சைப் போட்டால் இரண்டு பல்புமே அழுது வடியும். ஒன்று ஃப்யூஸ் போனால் மற்றதும் போய்விடும்.

பள்ளிப் பாடத்தில் இதற்குத் தொடரிணைப்பு என்று பெயர். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் தொங்கும் சீரியல் செட்டுக்கு அந்தப் பெயர் வந்ததும் இதனால்தான். குட்டிக் குட்டி பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, 230 வோல்ட்டை அத்தனை பல்புகளும் பங்கிட்டுக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். எந்த பல்பு என்று தேடி ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்த அனுபவம் 90-ஸ் கிட்ஸுக்கு இருக்கும்.

வீட்டு பல்பு 230 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது. ஒரே மாதிரியான இரண்டு 60 வாட் குண்டு பல்புகளை இப்படித் தொடராக மாட்டினால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 115 வோல்ட்தான். மின்னழுத்தம் பாதியானால் வெளிச்சமும் பாதி என்று நினைத்துவிட வேண்டாம். பல்பு இழுக்கும் மின்திறன் ஏறத்தாழ கால் பங்குக்கு இறங்கிவிடும். 60 வாட் பல்பு கணக்குப்படி 15 வாட்டில் மினுங்கும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. 100 வாட் பல்பையும் 40 வாட் பல்பையும் தொடராக மாட்டினால் எது பிரகாசமாக எரியும்? பத்தில் ஒன்பது பேர் 100 என்பார்கள். உண்மையில் 40 வாட் பல்புதான் கூடுதலாக எரியும். அதன் இழைக்குத் தடை அதிகம், அதனால் 230 வோல்ட்டில் பெரும்பங்கை, சுமார் 164 வோல்ட்டை, அதுவே எடுத்துக்கொள்ளும். 100 வாட் பல்பு 66 வோல்ட்டில் செம்மண் நிறத்தில் முனகிக்கொண்டிருக்கும். எல்.இ.டி பல்புகளாக இருந்தால் இந்தக் கணக்கும் உதவாது. ஒவ்வொன்றின் உள்ளேயும் தனி எலெக்ட்ரானிக் சர்க்யூட் இருப்பதால் ஒன்று எரிந்து மற்றது எரியாமல் போகலாம், இரண்டும் கண் சிமிட்டலாம்.

தொடரிணைப்பு உதவாக்கரை என்று அர்த்தமல்ல. மோட்டார் வைண்டிங் கடைகளில் சுவரில் ஒரு பல்பும் இரண்டு ஒயரும் தொங்கும். ‘சீரியல் லாம்ப்’ என்பார்கள். பழுது பார்த்த மோட்டாரை நேராக கரண்டில் கொடுக்காமல் அந்த பல்பு வழியாகக் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஃப்யூஸ் போகாது. கைத்தொழிலில் இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம். ஆனால், வாசல் லைட்டுக்கு அது வேலைக்கு ஆகாது.

இந்தச் சிக்கல் மின்விளக்கு பிறந்த காலத்திலேயே இருந்தது. 19-ம் நூற்றாண்டில் தெருக்களில் எரிந்த ஆர்க் விளக்குகள் வரிசையாகத் தொடரில்தான் கோக்கப்பட்டிருந்தன. வீட்டுக்கு வீடு, அறைக்கு அறை தனித்தனியாக அணைத்து ஏற்ற வேண்டுமென்றால் அது சரிப்படாது. 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் மின்நிலையம் தொடங்கியபோது விளக்குகள் பக்க இணைப்பில் கொடுக்கப்பட்டன. 1932-ல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, கோவைப் பகுதியின் மில்களுக்கும் வீடுகளுக்கும் மின்சாரம் இறங்கி வந்தபோதும் அதே முறைதான். இன்று உங்கள் வீட்டு ஃபேனை நிறுத்தினால் டி.வி நிற்காமல் ஓடுவது இந்தப் பக்க இணைப்பால்தான்.

சரியான முறை எது?

வாய்க்காலிலிருந்து இரண்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயலுக்குள் விட்டு, அது நிரம்பி அடுத்த வயலுக்குப் போகட்டும் என்று விட்டால் கடைசி வயல் காயும். இரண்டுக்கும் தனித்தனி மடை வைத்தால் எதை வேண்டுமானாலும் திறக்கலாம், அடைக்கலாம். பல்புக்கு மடை, ஸ்விட்ச்.

வீட்டுக்குள் வரும் கரண்டில் பேஸ், நியூட்ரல் என்று இரண்டு ஒயர்கள். கூடவே பாதுகாப்புக்கு எர்த். பேஸ் ஒயர் முதலில் ஸ்விட்ச் போர்டுக்கு வரும். அங்கே முதல் ஸ்விட்சின் ஒரு காலில் இணைத்து, அதிலிருந்தே சின்னத் துண்டு ஒயரால் இரண்டாவது ஸ்விட்சின் காலுக்கும் கொடுத்துவிடுவார்கள். இதை ‘லூப் அடிப்பது’ என்பார்கள். முதல் ஸ்விட்சின் மறுகாலிலிருந்து ஓர் ஒயர் அறை பல்புக்கு. இரண்டாவது ஸ்விட்சின் மறுகாலிலிருந்து ஓர் ஒயர் வாசல் பல்புக்கு. இரண்டு பல்புகளின் மறுமுனையும் நியூட்ரலுக்கு. அவ்வளவுதான்.

எண்ணிப் பாருங்கள். இரண்டு லைட் ஸ்விட்ச் மட்டும் இருக்கும் போர்டில் மூன்று ஒயர் இருந்தால் போதும்: வரும் பேஸ் ஒன்று, பல்புகளுக்குப் போகும் ஒயர் இரண்டு. நியூட்ரல் அந்த ஸ்விட்சுகளுக்கு வரவே தேவையில்லை. போர்டில் பிளக் பாயின்ட்டும் இருந்தால் அதற்காக நியூட்ரலும் எர்த்தும் வரும், அது வேறு. லைட் ஸ்விட்சின் காலில் கறுப்பு ஒயர் மாட்டியிருந்தால் ‘இது ஏன் இங்கே?’ என்று கேட்க வேண்டும்.

கறுப்பு என்று எப்படித் தெரியும்? நம் ஊர் வழக்கப்படி பேஸுக்கு சிவப்பு, மஞ்சள் அல்லது நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. ஆனால், பல லைன் வீடுகளில் இந்த வண்ணக் கணக்கெல்லாம் செல்லாது. வேறு வேலையில் மிச்சமான ஒரே நிறச் சுருளில் முழு வீட்டையும் முடித்திருப்பார்கள். அடுத்து வரும் எலெக்ட்ரீஷியனுக்கு எது பேஸ், எது நியூட்ரல் என்று பார்த்தவுடன் தெரியாது. ஊகிக்கிறார். பெரிய தவறுக்கு வழி இங்கேதான் திறக்கிறது.

அணைத்த பிறகும் கரண்ட்

பேஸுக்குப் பதிலாக நியூட்ரல் ஒயரில் ஸ்விட்ச் வைத்துவிட்டால் என்ன ஆகும்? பார்வைக்கு ஒன்றுமே ஆகாது. போட்டால் எரியும், அணைத்தால் அணையும். வருடக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வராது. குறை தெரியாமல் இருப்பதுதான் இதன் ஆபத்தே.

பல்பு அணைந்திருக்கிறது, ஆனால் ஹோல்டர் வரைக்கும் 230 வோல்ட் வந்து நிற்கிறது. திரும்பிப் போகும் வழியைத்தான் ஸ்விட்ச் அடைத்திருக்கிறது. பல்பு மாற்றுகிறவரின் விரல் அந்த ஹோல்டரின் பின்னைத் தொட்டால், அவர் உடம்பே திரும்பிப் போகும் வழியாகிவிடும். அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினார். கவனக்குறைவு என்று அவரைச் சொல்ல முடியாது.

லைன் வீட்டு வாசல் பல்பை நினைத்துப் பாருங்கள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கம், ஈரத் தரை, மேலே ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாய், ஏறுவதற்கு இரும்பு ஸ்டூல். ஈர உடம்பின் தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் சிறு பங்கே போதும்.

“டிரிப்பர் இருக்குல்ல, விழுந்துடும்” என்பார்கள். விழாது. லைட் சர்க்யூட்டில் சாதாரணமாக இருக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி என்றால் 6,000 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால்தான் அது விழும். ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதே அதன் வேலை. மனிதர் வழியாகப் பாயும் 230 மில்லி ஆம்பியர், அதைப் பொறுத்தவரை இன்னும் நாலைந்து பல்பு எரிவது மாதிரிதான். மனிதருக்கான காவல் ஆர்.சி.சி.பி. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கான வகையில் வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் அறுத்துவிடும். 10 வாட் எல்.இ.டி பல்பே சுமார் 43 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு நுட்பமானது என்று புரியும். புது வீடுகளில் இது இருக்கும். பழைய லைன் வீடுகளில் பீங்கான் ஃப்யூஸ்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

நியூட்ரலில் தனியாக ஸ்விட்சோ ஃப்யூஸோ வைக்கக் கூடாது என்பது புது ஞானம் அல்ல. 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது. பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து அறுக்கும் ஸ்விட்சுக்கு மட்டுமே விலக்கு.

இந்தத் தவறு எலெக்ட்ரீஷியன் கைபடாமலும் நுழையும். ஹோல்டரில் இரண்டு ஒயர் கட்டி, நடுவே தொங்கும் பெட் ஸ்விட்ச் வைத்து, மறுமுனையில் இரண்டு பின் பிளக் மாட்டி, பிளக் பாயின்ட்டில் சொருகி வாசலுக்கு இழுப்பார்கள். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லாதவர்களின் வழி இது. இரண்டு பின் பிளக்கைத் திருப்பியும் சொருகலாம். ஒருமுறை சொருகும்போது பேஸில் இருக்கும் பெட் ஸ்விட்ச், மறுமுறை திருப்பிச் சொருகினால் நியூட்ரலுக்குப் போய்விடும். இங்கே பெட் ஸ்விட்சை நம்பவே கூடாது. பிளக்கை உருவிவிட்டுத்தான் பல்பைத் தொட வேண்டும்.

ஓர் அடையாளம் சில வீடுகளில் கண்ணுக்குத் தெரியும். ராத்திரி ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி பல்பு மின்மினி மாதிரி லேசாக எரியும். குழந்தைகள் பேய் என்று கதை கட்டும். நியூட்ரலில் ஸ்விட்ச் இருந்தால் பல்பு எந்நேரமும் பேஸோடு ஒட்டியே இருக்கிறது. சுவரின் ஈரம் வழியாகவோ, பக்கத்து ஒயர்கள் வழியாகவோ கசியும் துளி கரண்ட்கூட எல்.இ.டி-க்குப் போதும். சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு வைத்த ஸ்விட்சாலும், நீண்ட தூரம் சேர்ந்து ஓடும் ஒயர்களாலும்கூட இப்படி நேரலாம். அதனால் பதற வேண்டாம். ஆனால், சோதிக்காமலும் விட வேண்டாம்.

எலெக்ட்ரீஷியனுக்கு இது ஐந்து நிமிட வேலை. பல்பைக் கழற்றி, ஸ்விட்சை அணைத்து, ஹோல்டரின் இரண்டு பின்களிலும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். இரண்டிலுமே எரியக் கூடாது. ஒன்றில் பளிச்சென்று எரிந்தால் ஸ்விட்ச் தவறான ஒயரில் இருக்கிறது. டெஸ்டர் எரியவில்லை என்பதாலேயே கரண்ட் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. வேலை செய்யும் பிளக் பாயின்ட் ஒன்றில் வைத்து, டெஸ்டர் நல்லதா என்று முதலில் பார்த்துக்கொள்வதே முறை. இதை வீட்டில் இருப்பவர்கள் ஸ்டூல் போட்டு ஏறிச் செய்து பார்க்கத் தேவையில்லை. வருகிறவரிடம் ‘பார்த்துச் சொல்லுங்க’ என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

படிக்கட்டும் குடோனும்

மாடி வைத்த லைன் வீடுகளில் படிக்கட்டு லைட்டுக்கு கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச் கேட்பார்கள். இதற்கு மூன்று கால் உள்ள டூ வே ஸ்விட்ச் இரண்டு வேண்டும். பேஸ் கீழ் ஸ்விட்சின் நடுக்காலுக்கு வரும், இரண்டு ஸ்விட்சுகளுக்கும் இடையே இரண்டு ஒயர் ஓடும், மேல் ஸ்விட்சின் நடுக்காலிலிருந்து பல்புக்குப் போகும். பல்பின் மறுமுனை நேராக நியூட்ரலுக்கு.

இதிலும் ஒரு குறுக்குவழி புழங்குகிறது. கீழேயும் மேலேயும் பிளக் பாயின்ட் இருந்தால், அங்கங்கே இருக்கும் பேஸையும் நியூட்ரலையும் இரண்டு டூ வே ஸ்விட்சுகளின் ஓரக்கால்களுக்குக் கொடுத்து, நடுக்கால்களுக்கு இடையே பல்பைத் தொங்கவிடுவது. ஒயர் மிச்சம்தான். ஆனால், இரண்டு ஸ்விட்சும் பேஸ் பக்கம் இருக்கும்போது பல்பு அணைந்திருக்கும், ஹோல்டரின் இரண்டு பின்னிலும் பேஸ் நிற்கும். படிக்கட்டில் நின்று பல்பு மாற்றுகிறவர் ஷாக் அடித்தால் விழுவதும் படிக்கட்டில்தான். ஒயர் மிச்சம் பிடிக்க இவ்வளவு மூளையைச் செலவழிப்பவர்களை என்னவென்று சொல்வது!

அதே டூ வே ஸ்விட்சை அழகாகப் பயன்படுத்துவது குடோன் வயரிங். ஐ.டி.ஐ எலெக்ட்ரீஷியன் மாணவர்கள் பலகையில் செய்து பார்க்கும் பாடம் இது. துணி ரோல்கள் அடுக்கிய நீளமான குடோனை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் சாதாரண ஸ்விட்சைப் போட்டால் முதல் பல்பு எரியும். உள்ளே நடந்து அடுத்த ஸ்விட்சைத் தட்டினால் இரண்டாவது பல்பு எரியும், அதே நொடியில் முதலாவது அணையும். திரும்பி வரும்போது அதைத் தட்டினால் உள் பல்பு அணைந்து வாசல் பல்பு எரியும். வாசலில் அணைத்துவிட்டுப் பூட்ட வேண்டியதுதான்.

சூட்சுமம் எளிது. முதல் ஸ்விட்சிலிருந்து வரும் பேஸ், டூ வே ஸ்விட்சின் நடுக்காலில் ஏறுகிறது. ஒரு ஓரக்கால் முதல் பல்புக்கு, மறு ஓரக்கால் இரண்டாவது பல்புக்கு. ‘இதுவா, அதுவா’ என்ற கேள்விக்கு ஒரே நேரத்தில் ஒரே பதில்தான். நூலும் துணியும் அடைந்து கிடக்கும் இடத்தில், யாரும் இல்லாத மூலையில் இரவெல்லாம் எரிந்துகொண்டிருக்கும் பல்புக்கு இடமே இல்லை. இங்கேயும் ஸ்விட்சுகள் எல்லாம் பேஸில்தான்.

வாடகைக்கு இருப்பவர் என்ன செய்ய முடியும்?

வயரிங் வீட்டு உரிமையாளருடையது. அதை மாற்றும் உரிமை வாடகைதாரருக்கு இல்லை, ஷாக் மட்டும் அவருக்கு. லைன் வீடுகளில் இன்னொரு சங்கடம், மெயின் ஸ்விட்ச் பெரும்பாலும் பொதுவான இடத்தில் இருக்கும். ஒரு பல்பு மாற்ற எட்டு வீட்டுக் கரண்டை அணைக்க வேண்டும். யாராவது சண்டைக்கு வருவார்கள். அதனால், யாரும் மெயினை அணைப்பதில்லை.

இதற்குக் கைக்கு அடக்கமான தீர்வு, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு டபுள் போல் மெயின். எலெக்ட்ரிக்கல் கடையில் ‘டி.பி’ என்று கேட்டால் தருவார்கள். இது பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே அறுக்கும். உள்ளே ஸ்விட்ச் எந்த ஒயரில் இருந்தாலும், இதை இறக்கிவிட்டால் அந்த வீட்டின் லைட் ஹோல்டர்களில் பேஸ் இருக்காது. லைன் மொத்தத்துக்கும் ஆர்.சி.சி.பி வைக்க உரிமையாளரை ஒத்துக்கொள்ள வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. வைத்த பிறகு அதில் இருக்கும் ‘டெஸ்ட்’ பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் விழ வேண்டும்.

வேலைக்கு வருகிறவரிடம் கம்பியாள் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தமிழக அரசே தேர்வு வைத்து வழங்குகிறது. வேலை தொடங்கும் முன்பே இரண்டு நிறத்தில் ஒயர் வாங்கிவரச் சொல்லிவிடுங்கள். முடித்ததும், கூலி கொடுக்கும் முன், வாசல் பல்பைக் கழற்றி ஸ்விட்சை அணைத்து டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள். அது எட்டவில்லை என்றால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்கிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். தெருக் கம்பத்திலோ சர்வீஸ் ஒயரிலோ பிரச்னை என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அதை வாசல் கதவின் உள்பக்கம், கேஸ் புக்கிங் எண்ணுக்குக் கீழே எழுதி ஒட்டிவையுங்கள்.